மழையை நடக்க வைத்தவர்: பி.ஏ. யோமன்ஸ்

சிட்னியின் மேற்கு விளிம்பில் ஓடும் ஹாக்ஸ்பரி நதியைப் பெருமழைக்கு மறுநாள் பார்த்தால் பால் கூடிப்போன தேநீரின் நிறத்தில் இருக்கும். 2021 மார்ச்சிலும், 2022இல் அடுத்தடுத்து வந்த வெள்ளங்களிலும் அந்த நிறத்தைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். அந்தப் பழுப்பில் பெரும்பகுதி யாரோ ஒருவருடைய வயலின், மேய்ச்சல் நிலத்தின் மேல்மண். அதோடு அவர் போட்ட உரம், அவருடைய மாடுகளின் சாணம், அடித்த பூச்சிமருந்தின் மிச்சம் எல்லாம் சேர்ந்தே ஓடுகின்றன. நிலத்தில் இருந்தால் செல்வம். நதியில் இறங்கினால் மாசு. பொருள் ஒன்றுதான், இருக்கும் இடம்தான் வேறு.

இந்த எளிய விஷயத்தை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தன் நிலத்தில் செய்து காட்டிய ஒருவர், அதே நதியின் கரைக்கு அருகில் வாழ்ந்தார். பெர்சிவல் ஆல்ஃப்ரட் யோமன்ஸ் என்பது முழுப்பெயர். எல்லோருக்கும் பி.ஏ. யோமன்ஸ். கல்லூரியில் வேளாண்மை படித்தவர் அல்லர். சுரங்கத்திலிருந்து வந்தவர்.

நான் வசிக்கும் ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓட்டினால் அவர் பண்ணை இருந்த நார்த் ரிச்மண்ட் வந்துவிடும். தமிழர்கள் நிறைய வாழும் ஸ்ட்ராத்ஃபீல்ட், ஹோம்புஷ் பகுதிகளில் ரயிலடிக் கடைகளில் முருங்கைக்காய் கிடைக்கும். யோமன்ஸைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் பெர்மாகல்ச்சர் என்ற சொல்லைக் கேட்டிருப்பவர்கள் பலர். அந்த மரத்தின் முக்கியமான வேர்களில் ஒன்று இவர்.

சுரங்கத்திலிருந்து மண்ணுக்கு

யோமன்ஸ் 1905இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஹார்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ரயில் எஞ்சின் ஓட்டுநர். இளமையில் பல வேலைகள் பார்த்துவிட்டு, கனிமங்களைச் சோதித்து மதிப்பிடும் தொழிலுக்கு வந்தார். ஒரு மலைச்சரிவைப் பார்த்து அதற்குள் என்ன இருக்கிறது, எங்கே தோண்டலாம், மண்ணை எங்கே கொட்டலாம், நீர் எந்தப் பக்கம் வரும் என்று கணக்கிடுவது அவருக்குக் கைவந்த கலையானது. பிறகு பெரிய இயந்திரங்களைக் கொண்டு மண்வேலை செய்யும் ஒப்பந்தக்காரர் ஆனார்.

பின்னாளில் அவர் செய்ததையெல்லாம் புரிந்துகொள்ள இந்த இரண்டு தொழில்களும் நினைவில் இருக்க வேண்டும். நிலத்தின் வடிவத்தைப் படிக்கத் தெரிந்தவர். கூடவே புல்டோசரை எப்படி ஓட்டவேண்டும் என்றும் தெரிந்தவர். விவசாயிகளில் பலருக்கு இரண்டாவது தெரியாது. பொறியாளர்களில் பலருக்கு முதலாவது தெரியாது. நானும் பொறியியலில் மேற்படிப்பு முடித்துவிட்டு மென்பொருள் எழுதிக்கொண்டிருப்பவன்தான். வகுப்பில் நீரியல் படித்தபோது மழைநீரை எவ்வளவு வேகமாக வெளியேற்றலாம் என்றுதான் கணக்குப் போட்டோம். எவ்வளவு மெதுவாக அனுப்பலாம் என்று ஒரு கணக்கும் போட்டதாக நினைவில்லை.

1943இல் யோமன்ஸ் நார்த் ரிச்மண்டில் அடுத்தடுத்து இருந்த இரண்டு நிலங்களை வாங்கினார். மொத்தம் சுமார் ஆயிரம் ஏக்கர். ஒன்றுக்குத் தன் பெயரையும் மைத்துனர் ஜிம் பார்ன்ஸின் பெயரையும் இணைத்து யோபார்னி என்று பெயரிட்டார். மற்றொன்றுக்கு மகன்கள் நெவில், ஆலன் பெயர்களைச் சேர்த்து நெவாலன். நல்ல நிலம் அல்ல. களிப்பாறையின் மேல் மெல்லிய மண், அரித்துப்போன ஓடைகள், மழை பெய்தால் ஓடிவிடும், பெய்யாவிட்டால் காய்ந்துவிடும்.

நெருப்பு

1944 டிசம்பர். ஆஸ்திரேலியாவில் அது கடும் கோடை. காய்ந்த புல்வெளியில் பரவிய தீயில் பண்ணையைக் கவனித்து வந்த ஜிம் பார்ன்ஸ் இறந்துபோனார்.

யோமன்ஸின் வாழ்க்கை திரும்பியது இங்கேதான். நிலத்தை விற்றுவிட்டுப் போயிருக்கலாம். அவர் வேறு மாதிரி யோசித்தார். ஆண்டுக்கு ஓரளவு நல்ல மழை பெய்யும் இடம் அது. அப்படியிருந்தும் நிலம் காய்ந்து தீப்பிடிக்கிறதென்றால் தவறு மழையில் இல்லை. பெய்த மழை தங்காமல் போவதில் இருக்கிறது. அந்த நீரை நிலத்திலேயே நிறுத்தினால் புல் பச்சையாக இருக்கும், தீ வந்தாலும் நிற்கும், கையில் தண்ணீரும் இருக்கும்.

அடுத்த சில ஆண்டுகள் சரிவுகளில் குட்டைகள் வெட்டினார். ஆஸ்திரேலியாவில் பண்ணைக் குட்டையை அணை என்றே சொல்வார்கள். கரையின் அடியில் மதகு போல ஒரு குழாயைப் பதித்தார். வால்வைத் திறந்தால் பம்பு இல்லாமல் நீர் தானாகவே கீழ் நிலத்துக்குப் பாயும். வாய்க்கால்களை ஏறக்குறைய சமமட்டத்தில் வளைத்துக் கொண்டுபோய் ஒரு குட்டையை இன்னொன்றோடு இணைத்தார்.

கீலைன் என்றால் என்ன?

குட்டை வெட்டுவது புதிதல்ல. யோமன்ஸ் கண்டுபிடித்தது, எங்கே வெட்டவேண்டும் என்பதை.

ஒரு குன்றின் சரிவை மனதில் கொண்டுவாருங்கள். இரண்டு மேடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் மேலிருந்து கீழே இறங்குகிறது. மேல்பாதி செங்குத்து. ஓரிடத்துக்குப் பிறகு சரிவு தணிந்து தட்டையாகிறது. சரிவு மாறும் அந்த இடத்துக்கு அவர் வைத்த பெயர் கீபாயிண்ட். அந்தப் புள்ளி வழியாகப் பள்ளத்தின் இருபுறமும் போகும் சமமட்டக் கோடுதான் கீலைன். செங்குத்தான பகுதியிலிருந்து ஓடிவரும் நீர் வேகம் இழக்கத் தொடங்கும் இடம் அது. குறைந்த செலவில் நீரைப் பிடிக்கலாம். பிடித்த நீரைப் புவியீர்ப்பாலேயே கீழே விரிந்த நிலம் முழுவதுக்கும் அனுப்பவும் போதிய உயரத்தில் இருக்கிறது.

இதைவிடச் சுவாரசியமானது உழவு. நீரின் இயல்பு மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போய்ச் சேர்வது. அதனால் பள்ளம் சேறாகும், மேடு காயும். அந்த கீலைனுக்கு இணையாக உழுதுகொண்டே கீழே இறங்கினால், சால்கள் மெல்ல மெல்லச் சமமட்டத்திலிருந்து விலகி, பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கிச் சற்றே சரியத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத சரிவு. ஆனால் தண்ணீருக்குத் தெரியும். நேராக ஓடிப்போக வேண்டிய நீர் ஆயிரக்கணக்கான சிறு சால்களில் பிரிந்து, காய்ந்த மேட்டுப்பக்கம் பரவி, போகும் வழியில் மண்ணுக்குள் இறங்குகிறது. ஓடிய மழையை அவர் நடக்க வைத்தார் என்று சொல்லலாம்.

உழவும் மண்ணைப் புரட்டும் உழவு அல்ல. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்று வந்தவர், அங்கே பழக்கத்திலிருந்த உளிக் கலப்பையில் ஆர்வம் கொண்டார். புல்லைப் புரட்டாமல், மண்ணின் அடியில் இறுகிய அடுக்கை மட்டும் கீறிவிடும் கலப்பை. கீறலில் நீரும் காற்றும் இறங்கும், பின்னாலேயே வேர் இறங்கும். அந்த வேர் செத்து மட்கி, மேல்மண் உருவாகும். ஓரங்குல மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும் என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், சரியான நீரும் காற்றும் கிடைத்தால் சில ஆண்டுகளிலேயே உயிருள்ள மண்ணை உண்டாக்கலாம் என்று அவர் வாதிட்டார்.

1954இல் கீலைன் பிளான் என்ற நூல் வெளிவந்தது. 1958இல் சாலஞ்ச் ஆஃப் லேண்ட்ஸ்கேப், 1965இல் வாட்டர் ஃபார் எவ்ரி ஃபார்ம். பண்ணையில் எதை முதலில் திட்டமிட வேண்டும் என்பதற்கு ஒரு வரிசையும் கொடுத்தார்: தட்பவெப்பம், நிலத்தின் வடிவம், நீர், பாதைகள், மரங்கள், கட்டடங்கள், வேலிகள், மண். எளிதில் மாற்ற முடியாதது முதலில், எளிதில் மாற்றக்கூடியது கடைசியில். மண் கடைசியில் இருப்பதைப் பார்த்து வியப்பவர்கள் உண்டு. மண்ணைச் சீக்கிரம் மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கைதான் அதற்குக் காரணம்.

நதி எப்படிக் கெடுகிறது?

இதற்கும் நீர் மாசுக்கும் என்ன தொடர்பு? இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

வயலிலிருந்து நதிக்குப் போகும் மாசு இரண்டு பாதைகளில் போகிறது. ஒன்று நிலத்தின் மேலே. மண்துகள்கள், அவற்றில் ஒட்டிக்கொண்ட மணிச்சத்தாகிய பாஸ்பரஸ், சாணத்திலுள்ள கிருமிகள், சில பூச்சிமருந்துகள் ஆகியவை வேகமாக ஓடும் நீரின் முதுகில் ஏறிப் போகின்றன. இன்னொன்று நிலத்துக்கு அடியில். தழைச்சத்து நைட்ரேட்டாகக் கரைந்து, வேருக்குச் சிக்காமல் நிலத்தடி நீரில் கலக்கிறது. இரண்டும் நீர்நிலையில் கூடும்போது பாசி பெருகுகிறது. 1991இன் இறுதியில் இதே மாநிலத்தின் டார்லிங் நதியில் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு நச்சு நீலப்பச்சைப் பாசி படர்ந்தது. மாநில அரசு அவசரநிலை அறிவிக்க வேண்டியதாயிற்று. வறட்சி, நீரோட்டம் குறைந்தது, பாஸ்பரஸ் சேர்ந்தது எல்லாம் கூடி வந்த வினை அது. குவீன்ஸ்லாந்தில் கரும்புக் காடுகளின் நைட்ரஜனும் மேய்ச்சல் நிலங்களின் வண்டலும் இன்றும் பவழப்பாறைத் திட்டுகளை நோக்கிப் போய்க்கொண்டிருக்கின்றன.

இப்போது இயற்கைவழித் தீர்வுகள் என்ற பெயரில் பேசப்படுபவை என்னென்ன? ஓடைக் கரையில் புல்லும் மரமுமான பட்டை விடுவது, கழிவுநீரைச் சதுப்பில் தங்கவிடுவது, சரிவில் நீரைத் தடுத்து இறக்குவது, மண்ணில் மட்கைக் கூட்டுவது. இவற்றில் கடைசி இரண்டையும் யோமன்ஸ் 1940களிலேயே தொடங்கிவிட்டார். மாசு என்ற சொல்லை அவர் அப்போது அதிகம் பயன்படுத்தவில்லை. வறட்சியும் நெருப்பும்தான் அவர் கவலை. ஆனால் மேலே ஓடும் நீரைக் குறைத்தால் அதன் முதுகில் ஏறிப்போகும் அனைத்தும் குறையும். குட்டையில் நீர் தேங்கும்போது வண்டல் அடியில் படிகிறது. ஒரே வேலையில் இரண்டு பலன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. கீலைன் மேலே போகும் பாதையை அடைக்கிறது; கீழே போகும் பாதையை அடைப்பதில்லை. தேவைக்கு மேல் யூரியா போட்டுவிட்டு நீரை நன்றாக இறக்கினால், நைட்ரேட் இன்னும் சுலபமாக நிலத்தடிக்குப் போய்விடக்கூடும். அதற்கு உரத்தை அளவோடு போடுவதும், ஆழவேர்ப் பயிர்களும், கரையோர மரங்களும், சதுப்பும் தேவை.

எதிர்ப்பும் ஆதரவும்

அரசின் மண்வளத் துறைகள் அந்நாளில் வேறு வழியில் சென்றுகொண்டிருந்தன. சரிவில் வரப்புகள் போட்டு, மழைநீரைப் பத்திரமாகப் புல்வாய்க்காலில் சேர்த்து வெளியேற்றுவது அவர்கள் முறை. அரிப்பைத் தடுக்க அது உதவியது, மறுக்க முடியாது. நீரை வெளியேற்றுவதே குறிக்கோளாக இருப்பதுதான் தவறு என்று யோமன்ஸ் கடுமையாகச் சொன்னார். பட்டம் இல்லாத ஒருவர், அதிலும் சொந்த நூல்களும் சொந்தக் கலப்பையும் விற்பவர், இப்படிச் சொன்னால் அதிகாரிகள் ரசிப்பார்களா? அவரும் சமாதானமாகப் பேசும் குணமுள்ளவர் அல்லர்.

ஆதரவும் வந்தது. பண்ணையைப் பார்க்க விவசாயிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சிட்னிப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியர் மெக்டொனால்ட் ஹோம்ஸ் 1960இல் கீலைனின் புவியியல் அடிப்படையைப் பற்றித் தனி நூலே எழுதினார். யோமன்ஸ் உருவாக்கிய அதிரும் உளிக் கலப்பை 1974இல் ஆஸ்திரேலிய வடிவமைப்புக்கான பிரின்ஸ் பிலிப் விருதைப் பெற்றது. பில் மொல்லிசன் தன் பெர்மாகல்ச்சரில் கீலைன் கருத்துகளைச் சேர்த்துக்கொண்டு உலகெங்கும் கொண்டுபோனார்.

அறிவியல் தீர்ப்பு என்ன? இன்றுவரை, கட்டுப்பாட்டு வயல்களோடு ஒப்பிட்டு நடத்திய ஆய்வுகள் குறைவு. நடந்தவற்றின் முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. எல்லா மண்ணிலும் அவர் சொன்ன வேகத்தில் மேல்மண் வந்துவிடவில்லை. ஓடும் நீரைச் சரிவிலேயே தடுத்தால் வண்டலும் பாஸ்பரஸும் குறையும் என்ற அடிப்படையை மட்டும் யாரும் மறுப்பதில்லை.

நகரத்துக்கு ஒரு காடு

1971இல் அவர் எழுதிய சிட்டி ஃபாரஸ்ட் என்ற நூலில் நகரத்தின் பக்கம் திரும்பினார். அப்போது சிட்னியின் சாக்கடைநீர் நார்த் ஹெட், பாண்டாய், மலபார் ஆகிய பாறைமுனைகளில் அரைகுறைச் சுத்திகரிப்போடு கடலில் விழுந்துகொண்டிருந்தது. 1990-91இல்தான் கடலுக்குள் சில கிலோமீட்டர் தள்ளிக்கொண்டுபோய் விடும் ஆழ்கடல் குழாய்கள் இயங்கத் தொடங்கின.

யோமன்ஸின் யோசனை: அந்த நீரைக் கடலுக்கு அனுப்பாதீர்கள், நிலத்துக்கு அனுப்புங்கள். நகரைச் சுற்றிக் கீலைன் முறையில் காடுகள் வளர்த்து, கழிவுநீரை அவற்றுக்குப் பாய்ச்சுங்கள். மண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும், மரம் வளரும், தெளிந்த நீர் கீழே கசியும். ஒரு பெருநகரம் முழுவதுக்கும் இது போதுமா, ரசாயனக் கழிவு கலந்தால் என்ன ஆகும் என்ற கேள்விகள் நியாயமானவை. ஆனால் கழிவு என்று ஒன்று இல்லை, இடம் தவறிய சத்துதான் உண்டு என்பதை அவர் வயலிலிருந்து நகரத்துக்கு நீட்டியது பெரிய காரியம்.

நம் ஊர் ஏரியும் இவரும்

இவரைப் படிக்கப் படிக்க எனக்கு நினைவுக்கு வந்தது நம் ஏரிகள். சரிவின் குறுக்கே கரை, ஓர் ஏரியின் கலிங்கு வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும் சங்கிலி, மதகு திறந்தால் ஆயக்கட்டுக்குத் தானாகப் பாயும் நீர். யோமன்ஸின் குட்டைத் தொடர் இதன் தூரத்து உறவினர் போலவே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கோடையில் ஏரி வற்றியதும் வண்டலை மாட்டுவண்டியில் அள்ளிவந்து வயலில் கொட்டுவது நம் பழைய வழக்கம். வயலிலிருந்து கரைந்துபோன சத்து ஏரியில் படிகிறது. ஏரியிலிருந்து மறுபடியும் வயலுக்கே வருகிறது. கடலுக்குப் போவது மிச்சம்தான். யூரியா மூட்டை வந்தபிறகு வண்டி நின்றது, ஏரி தூர்ந்தது. தமிழ்நாட்டில் ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள அரசே அனுமதி அளிப்பது அந்தச் சுழற்சியின் ஒரு துண்டைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சி.

யோபார்னி இன்று

1960களில் மனைவி ரீட்டா மறைந்தார். அதையடுத்து நார்த் ரிச்மண்ட் நிலங்கள் யோமன்ஸின் கையை விட்டுப் போயின. ஆனாலும் அவர் எழுதுவதையும் கலப்பை செய்வதையும் விடவில்லை. 1984இல் காலமானார். மூத்த மகன் நெவில் மனநல மருத்துவராகப் புகழ்பெற்றார். ஆலன் கலப்பைத் தொழிலையும் தந்தையின் கருத்துகளையும் தொடர்ந்தார். மகன் கென் கீலைன் நூலைத் திருத்திப் பதிப்பித்தார்.

2013இல் யோபார்னி கீலைன் பண்ணை மாநிலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதே நிலத்தில் ரெட்பேங்க் என்ற குடியிருப்பும் எழுந்திருக்கிறது. நான் சென்று பார்த்தபோது, அவர் வெட்டிய குட்டைகளில் சில புது வீடுகளுக்கு நடுவே வாத்துகளோடு கிடந்தன. அங்கிருந்து பாலத்தைக் கடந்தால் ஹாக்ஸ்பரியின் தாழ்நிலம். கண்ணுக்கெட்டிய வரை புல்தரை வளர்த்து விற்கும் பண்ணைகள், காய்கறித் தோட்டங்கள். சிட்னியின் புறநகர் வீட்டு முற்றங்களுக்குப் பச்சைப் பாயாகச் சுருட்டி அனுப்பப்படும் புல் இங்கே விளைகிறது. அதற்கும் உரம் வேண்டும், நீர் வேண்டும். இதே நதியிலிருந்துதான் நார்த் ரிச்மண்ட் நிலையம் சுற்றுவட்டாரத்துக்குக் குடிநீரும் எடுக்கிறது.

பண்ணை வீடாக மாறியதில் யோமன்ஸ் தோற்றுவிட்டாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நதியைச் சுத்தம் செய்ய நதிக்கரையில் ஆலை கட்டுவது ஒரு வழி. அது தேவையும்கூட. ஆனால் அது கடைசிப் படி. முதல் படி குன்றின் மேலே, மழைத்துளி விழும் இடத்தில் இருக்கிறது. அங்கே ஒரு விவசாயி எந்தத் திசையில் உழுகிறார் என்பதில், ஐம்பது மைல் கீழே ஒரு குழந்தை குடிக்கும் தண்ணீர் தெளிவாக இருக்குமா கலங்குமா என்பது ஓரளவு முடிவாகிவிடுகிறது. மைத்துனரைத் தீயில் இழந்த ஒரு சுரங்கக்காரர் அந்த மேட்டில் நின்று இதைக் கண்டுகொண்டார்.